நிபந்தனைக் கடிதம் கையில் இருக்கிறது, புலமைப்பரிசில் முடிவு வரவில்லை: டிபொசிட்டுக்கு வயலை ஈடு வைக்கலாமா?

களுவாஞ்சி_நிலா · 2025 மே 11

எல்லோருக்கும் வணக்கம். ஊர் களுவாஞ்சிக்குடி. விவசாய விஞ்ஞானத்தில் பட்டம் முடித்து, மூன்று வருடமாக ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தில் ஒப்பந்த வேலை செய்கிறேன்.

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து நேர்முகமும் முடிந்துவிட்டது. முடிவு ஜூனில்தான் வருமாம். அதற்குள் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் முதுமாணிக்கு நிபந்தனையோடு அனுமதி தந்திருக்கிறது. டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம்) நான் படித்த இடத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ் ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையக் கூடாது. 4,000 பவுண் டிபொசிட், மே 30க்கு முன். இன்றைய விலைக்கு அது 16 இலட்சம் ரூபா.

நேற்று இரவு அப்பா அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். வயல் உறுதிப்பத்திரம் அதற்குள்தான் இருக்கும். சுனாமிக்குப் பிறகு அதை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, இறப்பர் பட்டி சுற்றி வைத்திருக்கிறார். படுவான்கரையில் மூன்று ஏக்கர், அம்மாவின் சீதனக் காணி. எனக்கும் தங்கச்சிக்கும் என்று இருப்பது அது ஒன்றுதான். "ஈடு வச்சுக் கட்டுவம் புள்ள, பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு உறுதியை மேசையில் வைத்தார். எனக்கு நித்திரை வரவில்லை.

கட்டாவிட்டால் இடம் போய்விடும். இடம் போனால் செவனிங் கிடைத்தும் பயனில்லை. கட்டிவிட்டு செவனிங் கிடைக்காவிட்டால் மிச்சக் காசுக்கு வழி இல்லை. இப்படி நடுவில் நின்ற யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாவிக்கரை · மே 11

தங்கச்சி, என் எண்ணம், கட்டுங்கள். நேர்முகம் வரை போனவர்கள் எத்தனை பேர்? இடம் ஒருமுறை போனால் திரும்ப வராது. வயலை இரண்டு போகத்தில் மீட்டுவிடலாம். எங்கள் வீட்டிலும் அண்ணாவைப் படிக்க அனுப்ப அம்மாவின் தாலிக்கொடி ஒன்றரை வருடம் அடகில் இருந்தது. அண்ணா போகாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நின்றிருப்போம்.

மாமாங்கத்தான் · மே 11

வாவிக்கரை சொல்வது அன்பில் சொல்வது. ஆனாலும் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள் தங்கச்சி.

2022 பெப்ரவரியில் நான் 3,000 பவுண் கட்டினேன். அப்போது ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா. பாதி அக்காவின் நகை, பாதி வட்டிக் காசு. அந்த மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபா, மே மாதத்தில் 360 ரூபா. மிச்சக் கட்டணம் எங்கள் காசில் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே கணக்குப் பார்த்தேன், எந்தக் கணக்கும் சரிவரவில்லை. நான் நம்பியிருந்த உதவித்தொகையும் கிடைக்கவில்லை.

டிபொசிட்டைத் திருப்பிக் கேட்டேன். விசா மறுக்கப்பட்டிருந்தால் தருவார்களாம், பணம் இல்லை என்பது காரணம் ஆகாதாம். நான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அந்த விதி கட்டுவதற்கு முன்பே அவர்கள் இணையப் பக்கத்தில் இருந்தது. நான் வாசிக்காமல் கட்டிவிட்டேன். அக்காவின் நகையை மீட்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

ஒரு சதம் கட்டுவதற்கு முன், எந்தக் காரணத்துக்குத் திருப்பித் தருவார்கள் என்ற அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து முழுதாக வாசியுங்கள்.

கல்லடிப்_பாலம் · மே 12

தங்கச்சி, நான் சில வருடத்துக்கு முன் இதே வழியால் போய் வந்தவள். அப்பாவிடம் உறுதியைத் திரும்ப டின்னில் வைக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் டிரான்ஸ்கிரிப்ட், ஐ.ஈ.எல்.டி.எஸ், டிபொசிட் மூன்றையும் ஒரே வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டும்தான் நிபந்தனை. அவை நிறைவேறினால் அனுமதி நிபந்தனையற்றதாகிவிடும். செவனிங் கேட்பதும் அதைத்தான்: நீங்கள் தெரிவு செய்த மூன்று பாடநெறிகளில் ஏதாவது ஒன்றுக்கு, ஜூலையில் அவர்கள் சொல்லும் திகதிக்குள் நிபந்தனையற்ற அனுமதி. டிபொசிட் வேறு. பெரும்பாலான இடங்களில் அது இடத்தை உறுதி செய்து, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ் என்ற உறுதிப்படுத்தலை எடுப்பதற்குக் கேட்கும் காசு. சில பாடநெறிகளில் மட்டும் அதையும் நிபந்தனையோடு சேர்த்து வைத்திருப்பார்கள். உங்கள் கடிதத்தில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். அரச புலமைப்பரிசில் முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு டிபொசிட் தவணையைத் தள்ளிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கேட்காதவருக்கு யாரும் தள்ளித் தர மாட்டார்கள். நம் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் தகுதி இல்லாதவள் என்று நினைத்து இடத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஆறு வரி எழுதினேன், அடுத்த நாளே பதில் வந்தது.

அந்த ஆறு வரியில் இருக்க வேண்டியவை: விண்ணப்ப இலக்கம், பாடநெறி, எந்தப் புலமைப்பரிசில், எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், முடிவு எப்போது, எந்தத் திகதி வரை தவணை வேண்டும். நேர்முகத்துக்கு அழைத்த மின்னஞ்சலையும் இணையுங்கள். குடும்ப நிலைமை, வயல், அப்பா என்று எதுவும் வேண்டாம். அவர்களுக்குத் தேவை ஒரு திகதி.

மூன்றாவது, ஐ.ஈ.எல்.டி.எஸ் எப்போது எழுதினீர்கள்?

களுவாஞ்சி_நிலா · மே 12

அக்கா, கை நடுங்க நடுங்கக் கடிதத்தைத் திரும்பத் திறந்தேன். நீங்கள் சொன்னதுதான். முதல் பக்கத்தில் நிபந்தனைகள் என்று இரண்டுதான். டிபொசிட் மூன்றாம் பக்கத்தில், இடத்தை உறுதி செய்தல் என்ற தலைப்பின் கீழ். நான்கு கிழமையாக இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன், நான் பார்த்தது அந்தத் தொகையை மட்டும்தான்.

ஐ.ஈ.எல்.டி.எஸ் 2023 ஜூனில் எழுதியது. மொத்தம் 7.

கல்லடிப்_பாலம் · மே 12

நான் பயந்தது இதைத்தான். அந்தப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். இந்த ஜூனில் முடிகிறது, உங்கள் பாடநெறி செப்டெம்பரில் தொடங்குகிறது. பாடநெறி தொடங்கும் நாளில் பெறுபேறு செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகங்கள்தான் அதிகம். செவனிங் இப்போது ஆங்கிலப் பெறுபேறு கேட்பதில்லை, அதனால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் கேட்கும். அதே மின்னஞ்சலில் இதையும் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருக்காமல் பரீட்சைக்கும் பதியுங்கள். கணினியில் எழுதினால் சில நாட்களிலேயே பெறுபேறு வந்துவிடும்.

வந்தாறுமூலை_25 · மே 13

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இறுதி வருடம். பரீட்சை முடிந்துவிட்டது, பெறுபேறு வரவில்லை, பட்டமளிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் விண்ணப்பித்த இடத்தில் பட்டச் சான்றிதழ் கேட்கிறார்கள். பட்டமளிப்பு வரை காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடுமே?

ஒலுவில்_காற்று · மே 13

தம்பி, நான் விரிவுரையாளராக இருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டமளிப்பு விழா வேறு, பட்டம் செல்லுபடியாகும் திகதி வேறு. அந்தத் திகதி விழாவுக்குப் பல மாதம் முன்னதாகவே இருக்கும். பெறுபேறு பல்கலைக்கழக மூதவையில் (செனட்) அங்கீகரிக்கப்பட்டதும் பரீட்சைப் பிரிவில் விண்ணப்பித்து, பட்டத் தேவைகளைப் பூர்த்தி செய்தார், செல்லுபடியாகும் திகதி இது என்று ஒரு கடிதம் எடுக்கலாம். டிரான்ஸ்கிரிப்டோடு அந்தக் கடிதத்தையும் அனுப்பினால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏற்கும்.

அதுவும் இப்போது கிடைக்காது என்றால், பீடாதிபதியிடம் கேளுங்கள்: கடைசிப் பரீட்சை எப்போது முடிந்தது, பெறுபேறு எப்போது எதிர்பார்க்கப்படுகிறது என்று ஒரு பக்கக் கடிதம். அதை வைத்துத் தவணை கேட்கலாம். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி ஜூலை வரை இழுத்தபோது நாடு முழுக்கப் பிள்ளைகள் டிரான்ஸ்கிரிப்ட் எடுக்க முடியாமல் நின்றார்கள். அப்போது என் மாணவி ஒருத்திக்கு இப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவளுடைய பல்கலைக்கழகம் ஆறு கிழமை தவணை கொடுத்தது.

சம்மாந்துறை_நெல் · மே 14

நான் ஜப்பான் வழியால் போனவன், அதனால் வேறு மாதிரியான காத்திருப்பைச் சொல்கிறேன். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் தூதரக வழியால் போனால் விண்ணப்பம் ஏப்ரல், மே அளவில். பிறகு எழுத்துப் பரீட்சை, நேர்முகம். முதல் தேர்வில் தேறியதும் நாமே பேராசிரியர்களுக்கு எழுதி, தற்காலிக ஏற்புக் கடிதம் எடுக்க வேண்டும். இது எல்லாம் ஓடி ஓடிச் செய்வது. அதற்குப் பிறகு இறுதி முடிவு வரும் வரை நம் கையில் ஒரு வேலையும் இல்லை. மாதக்கணக்கில் ஒரு மின்னஞ்சல் வராது. கேட்டாலும் காத்திருங்கள் என்றுதான் பதில்.

அந்த மாதங்களில் நான் செய்த பெரிய பிழை, முதல் தேர்வில் தேறியதும் வேலையை விட்டது. ஊர் முழுக்க உம்மா சொல்லிவிட்டார், மகன் ஜப்பான் போகிறான் என்று. பெருநாளுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோரும் "எப்போ பயணம்?" என்று கேட்டார்கள். எனக்கு வீட்டை விட்டு வெளியே வரவே மனம் இல்லை. வாப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் என் மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து வைப்பார். பிறகு டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கப் போனேன். பின்னேரம் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் அந்த இரண்டு மணித்தியாலம்தான் என்னைக் காப்பாற்றியது.

தங்கச்சி, இறுதிக் கடிதம் வரும் வரை ஒப்பந்த வேலையை விடாதீர்கள். வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

வாவிக்கரை · மே 14

கல்லடி அக்கா சொன்னதை வாசித்த பிறகு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். டிபொசிட் தனி என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம்: விசாவுக்கு வங்கியில் காசு காட்ட வேண்டுமே, அதற்கு இப்போதே ஆயத்தப்படுத்தாவிட்டால் பிந்திவிடாதா? மட்டக்களப்பில் வட்டிக்கு எடுத்து வங்கியில் போட்டுக் காட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

கல்லடிப்_பாலம் · மே 15

அந்தப் பக்கமே போக வேண்டாம் தம்பி. சொந்தக் காசில் போகிறவர் படிப்புக் கட்டணத்தின் மிச்சத்தோடு வாழ்க்கைச் செலவையும் காட்ட வேண்டும். இலண்டனுக்கு வெளியே என்றால் 2025 மே நிலவரப்படி மாதம் 1,136 பவுண், ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண். எங்கள் காசில் 40 இலட்சத்துக்கு மேல். அந்தக் காசு 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் சரிவராது. வட்டிக்கு எடுத்து அத்தனை நாள் வைத்திருந்தால் வட்டியே குடும்பத்தைத் தின்றுவிடும். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லவும் பதில் இருக்காது.

செவனிங் போல முழுச் செலவையும் ஏற்கும் அரச புலமைப்பரிசில் என்றால் அவர்களுடைய கடிதமே அந்தக் காசுக்குப் பதில். வங்கிக் கூற்றுத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், முடிவு வரும் முன் காசு திரட்டி ஓட வேண்டாம். முடிவு வந்த பிறகு செய்ய வேண்டியது காசநோய்ப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்குக் கட்டாயம், கொழும்புக்குப் போக வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்று மட்டும் இப்போதே பாருங்கள்.

களுவாஞ்சி_நிலா · மே 20

நல்ல செய்தி ஒன்றும், அரைச் செய்தி ஒன்றும்.

ஆறு வரி எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. டிபொசிட் தவணை ஜூலை 18 வரை தள்ளியிருக்கிறார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ் புதிதாக வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. கொழும்பில் மே 24 பரீட்சைக்குப் பதிந்துவிட்டேன்.

டிரான்ஸ்கிரிப்ட்தான் இழுக்கிறது. மூன்று தரம் போய்விட்டேன். முதல் நாள் பொறுப்பானவர் லீவு, அடுத்த நாள் கையெழுத்து வைப்பவர் கூட்டத்தில். மூன்றாம் நாள் படிவம் மாறிவிட்டதாம், புதியதை நிரப்பித் தரச் சொன்னார்கள்.

ஒலுவில்_காற்று · மே 20

நாலாம் தரமும் போங்கள். போகும்போது அனுமதிக் கடிதத்தின் பிரதியை எடுத்துப்போய், திகதி இருக்கும் இடத்தில் நிறம் அடித்துக் காட்டுங்கள். முகவரி எழுதிய உறையையும் நீங்களே கொண்டு போங்கள். உத்தியோகபூர்வ மின்னஞ்சலில் ஸ்கேன் பிரதியும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும், தபால் போய்ச் சேரும் நாட்கள் மிச்சம். அங்கே இருப்பவர்களுக்கும் மேசை நிறைய இப்படிக் கோவைகள்தான். திகதி கண்ணுக்குத் தெரிந்தால் மேலே எடுத்து வைப்பார்கள்.

களுவாஞ்சி_நிலா · ஜூன் 3

ஐ.ஈ.எல்.டி.எஸ் மொத்தம் 7, எழுத்தில் 6.5. இரவு பஸ்ஸில் போய், விடிய இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே பரீட்சைக்குப் போனேன். இது இந்த முறைக்கு மட்டும் இல்லை, 2027 மே வரை செல்லும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

டிரான்ஸ்கிரிப்ட் போய்விட்டது. என் முன்னால்தான் உறையை ஒட்டினார்கள். ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே கையெழுத்து, அதற்கு மேல் நீல முத்திரை. அந்த அம்மா முத்திரையை ஊதிக் காயவைத்துவிட்டுத் தந்தார். "கசங்காமக் கொண்டு போ மகள்" என்றார். ஸ்கேன் பிரதியையும் அவரே அனுப்பினார். இரண்டு கிழமை கோபத்தோடு திரிந்தேன், அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விட்டது.

இன்று காலை அனுமதி நிபந்தனையற்றதாக மாறியிருக்கிறது.

மாமாங்கத்தான் · ஜூன் 3

வாசித்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே இருந்தேன் தங்கச்சி. ஒரு சதம் கட்டாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். மாமாங்கேஸ்வரர் துணை இருப்பார்.

களுவாஞ்சி_நிலா · ஜூன் 17

முடிவு வந்தது. தெரிவும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. காத்திருப்போர் பட்டியல்.

கண்ணகை அம்மன் குளிர்த்தி முடிந்த களைப்பில் வீட்டில் எல்லோரும் படுத்திருந்தார்கள். நான் மட்டும் திண்ணையில் இருந்து போனில் பார்த்தேன். அம்மாவை எழுப்பிச் சொன்னதும் "அப்ப கிடைச்சிட்டா?" என்று கேட்டார். அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

அப்பா திரும்ப வயல் பேச்சு எடுக்கிறார். ஜூலை 18 வரை இன்னும் ஒரு மாதம்.

சம்மாந்துறை_நெல் · ஜூன் 17

அழுங்கள் தங்கச்சி, அது நல்லது. வாப்பாவுக்குச் சொல்லுங்கள், காத்திருப்போர் பட்டியலை வைத்து யாரும் காணியை ஈடு வைக்க மாட்டார்கள். மேலே இருப்பவர் ஒருவர் விலகினால்தான் உங்கள் முறை வரும். அது உங்கள் கையிலும் இல்லை, வயலின் கையிலும் இல்லை.

கல்லடிப்_பாலம் · ஜூன் 18

எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். இருந்தாலும் இரண்டு காரியம் இந்தக் கிழமையே செய்யுங்கள்.

நிபந்தனையற்ற அனுமதிக் கடிதத்தைச் செவனிங் தளத்தில் இப்போதே ஏற்றி வையுங்கள். இடம் ஒன்று காலியானால் நேரம் மிகக் குறைவாக இருக்கும், ஆயத்தமாக இருப்பவருக்குத்தான் அது உதவும்.

அடுத்தது, அனுமதியை 2026 செப்டெம்பருக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். புலமைப்பரிசிலை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அனுமதியைத் தள்ள முடியும். டிபொசிட் கட்டாமல் தள்ளுவதற்குச் சில இடங்களில் சம்மதிக்க மாட்டார்கள், அதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டால் காத்திருப்போர் பட்டியலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை, அது வேறு இது வேறு.

களுவாஞ்சி_நிலா · ஜூலை 17

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். சொல்ல எதுவும் இருக்கவில்லை. போனில் மின்னஞ்சல் சத்தத்தை நிறுத்திவிட்டு, காலையில் ஒரு தரம், வேலை முடிந்து ஒரு தரம் மட்டும் பார்த்தேன். அப்படிச் செய்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

பட்டியல் நகரவில்லை. இந்த வருடம் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் டிபொசிட் கேட்காமலே அனுமதியை 2026 செப்டெம்பருக்குத் தள்ளித் தந்திருக்கிறது. என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீடிக்கச் சம்மதித்திருக்கிறார்கள், வேலையை விடாமல் இருந்ததால்தான் அதுவும். செவனிங் ஆகஸ்டில் திரும்பத் திறக்கும்போது விண்ணப்பிப்பேன். இந்த முறை பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கும் சேர்த்து. நேர்முகத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்டபோது படுவான்கரை வாய்க்கால்களைப் பற்றிச் சொல்லாமல், புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். ஜூன் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி அப்பாவோடு வயலுக்குப் போனேன். சிறுபோக நெல் குடலை தள்ளி, கதிர் வரும் தறுவாயில் நிற்கிறது. திரும்பி வந்ததும் அப்பா உறுதியை டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தார். இறப்பர் பட்டி இற்றுப் போயிருந்தது, புதிது ஒன்று கடையில் வாங்கி வந்து சுற்றினேன்.

வந்தாறுமூலைத் தம்பி, உங்கள் கடிதம் என்ன ஆனது?

வந்தாறுமூலை_25 · ஜூலை 17

பெறுபேறு இன்னும் வரவில்லை அக்கா. பீடாதிபதி கடிதம் தந்தார், அதை அனுப்பினேன், ஓகஸ்ட் 15 வரை தவணை கிடைத்திருக்கிறது. நாளைக்குப் பரீட்சைப் பிரிவுக்குப் போகிறேன். முகவரி எழுதிய உறை பைக்குள் வைத்தாச்சு.